தீட்டு எது?

1998-ஆம் ஆண்டு மே 11. முழுநிலவு நாள். எங்கள் திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிவர மக்கள் வெள்ளமெனத் திரளும் நாள். வடபுலத்தில் புத்தர் பிறந்த நாளெனக் கொண்டாடும் நாளும் அதுவே. அன்று பிற்பகல் 3.45 மணிக்கு, இராஜஸ்தான் பாலைவனத்தில், பொக்ரான் என்னும் ஊருக்கு அருகில், நிலத்தின் ஆழத்தில் மூன்று அணுகுண்டுகள் ஒருசேர வெடித்தன. ஒரு நாள் விட்டு, 13-ஆம் நாள் மேலும் இரண்டு வெடித்தன.

நாடெங்கும் ஆரவாரம். வெடி முழக்கம். இனிப்பு வழங்கல். அந்த ஆரவாரத்தின் நடுவே ஒரு புதுக் குரலும் எழுந்தது. குண்டு வெடித்த இடத்தருகே சக்திக்கு ஒரு கோயில் எழுப்ப வேண்டுமாம்! பொக்ரானின் மண்ணைக் கலயங்களில் எடுத்து, ஊர் ஊராகச் சுமந்து சென்று, மக்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தர வேண்டுமாம்! மதத்தின் பெயரால் அரசியல் நடத்துவோரிடமிருந்து எழுந்த யோசனை அது. கதிரியக்கம் பற்றிய அச்சத்தைச் சிலர் எடுத்துக்காட்டிய பிறகு, மண் ஊர்வலம் கைவிடப்பட்டது.

நல்லதாயிற்று என்று நாம் நகர்ந்துவிடலாமா? கூடாது. அந்தக் கலயத்துக்குள் ஒரு கேள்வி கிடக்கிறது. மேலே கதிர் ஒன்றும் வரவில்லை, அச்சத்துக்கு இடமே இல்லை என்று அரசு அறிவித்திருந்தது. அப்படியானால் மண்ணைச் சுமக்க ஏன் அஞ்சினார்கள்? அஞ்சத்தக்கதுதான் என்றால், அம்மண்ணின் மேலேயே குடியிருக்கும் மக்களுக்கு யார் ஆறுதல் சொன்னார்கள்? ஊர்வலத்தில் செல்பவனுக்கு ஆகாத மண், உழுபவனுக்கு ஆகுமா?

இதே நாட்டில், 74 ஆண்டுகளுக்கு முன்பு மண்ணைப் பற்றி இன்னொரு வழக்கு நடந்தது. 1924-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் வைக்கத்தில் தொடங்கிய போராட்டம் அது. கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது. நடந்தால் தெரு தீட்டாகிவிடும் என்றனர். நாய் நடக்கலாம். பன்றி நடக்கலாம். மனிதன் மட்டும் நடந்தால் மண் கெட்டுவிடும்! அந்தப் பொய்யை எதிர்த்துப் பெரியார் சிறை சென்றார். நாகம்மையாரும் களம் புகுந்தார். 1925-ன் இறுதியில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. மீதித் தெருவும் திறக்க 1936 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஓரிடத்து மண்ணைத் தீட்டு என்றனர். அதில் எந்தக் கெடுதியும் இல்லை. இன்னோரிடத்து மண்ணைப் புனிதம் என்றனர். அதன் கீழே கொடிய நஞ்சு புதைந்திருக்கிறது. தீட்டும் புனிதமும் ஒரே வாயிலிருந்து வரும் இரண்டு சொற்கள். இரண்டையும் எந்தக் கருவியும் அளந்ததில்லை. ஆனால் அளக்கத்தக்க தீட்டு ஒன்று இவ்வுலகில் மெய்யாகவே உண்டு. அது மனிதனின் காலடியிலிருந்து பிறந்ததன்று. வல்லரசுகளின் வெடிகுண்டிலிருந்து பிறந்தது. அதன் வரலாற்றைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

*

1945 சூலை 16-ஆம் நாள் விடியற்காலையில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் உலகின் முதல் அணுகுண்டு வெடித்தது. அந்த வெப்பத்தில் மணல் உருகி, இளம்பச்சைக் கண்ணாடியாக உறைந்து தரையை மூடிற்று. அணு யுகம் முதன்முதலாகக் கையெழுத்திட்ட தாள் மண்தான்.

அந்த மண்ணில் கலப்பது என்ன? யுரேனியம், புளூட்டோனியம் ஆகிய கனத்த பொருள்களின் அணுக்கரு பிளக்கும்போது, பிளந்த துண்டுகள் சீசியம், ஸ்ட்ரான்சியம், அயோடின் முதலிய பல பொருள்களாகின்றன. அவை நிலையற்றவை, கதிரை வீசி வீசித் தேய்பவை. தரையருகே குண்டு வெடித்தால் மண்ணே பொடியாகி, ஆவியாகி, மேகமாய் மேலெழுந்து, இத்துண்டுகளைச் சுமந்துகொண்டு காற்று வழியே சென்று, எங்கோ ஓரிடத்தில் சாம்பலாய் இறங்குகிறது. பிளவுபடாமல் எஞ்சிய புளூட்டோனியமும் உடன் இறங்குகிறது.

கதிர்வீசும் அயோடின் எட்டு நாளில் பாதியாகிறது. சீசியம் 137 பாதியாக 30 ஆண்டு வேண்டும். புளூட்டோனியம் 239 பாதியாக ஏறத்தாழ 24,000 ஆண்டு வேண்டும். கரிகாலன் கட்டிய கல்லணையின் பழமை ஈராயிரம் ஆண்டு என்று பெருமை கொள்கிறோம். அதுபோல் பன்னிரண்டு மடங்கு காலம் கழிந்தாலும் புளூட்டோனியம் பாதிதான் குறைந்திருக்கும். எந்தத் தீர்த்தம் தெளித்தும் இது போகாது. எந்த மந்திரம் ஓதியும் இது விலகாது.

இந்தப் பொருள்கள் உடம்புக்குள் நுழையும் வழியை எங்கள் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்துக் கடலைக் கொல்லை உழவர்களுக்கு எளிதில் விளக்கலாம். பயிருக்குப் பொட்டாஷ் இடுகிறோம். பயிர் அதை உறிஞ்சுகிறது. சீசியம் வேதியியல் குணத்தில் பொட்டாசியத்தின் பங்காளி. மண்ணில் பொட்டாசியம் குறைந்தால், பயிரின் வேர் ஆள் மாறாட்டம் அறியாமல் சீசியத்தை உள்ளே அழைத்துக்கொள்கிறது. ஸ்ட்ரான்சியமோ சுண்ணாம்புச் சத்தின் பங்காளி. புல்லிலிருந்து பசுவுக்கும், பாலிலிருந்து குழந்தையின் எலும்புக்கும் அது குடியேறுகிறது. மண் கெட்டால் மண்ணோடு நிற்பதில்லை. வேர், காய், பால், எலும்பு என்று அது நடந்து வருகிறது.

*

அந்த நடையை உலகுக்குக் காட்டிய இடம் பசிபிக் பெருங்கடலில் மார்சல் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பிக்கினி.

1946 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தீவு மக்கள் மாதா கோயிலில் வழிபாடு முடித்து வெளியே வந்தார்கள். அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவர் அவர்களை அமரவைத்துப் பேசினார். விவிலியத்தில் வரும் இசுரவேல் மக்களோடு அவர்களை ஒப்பிட்டார். மனித குலத்தின் நன்மைக்காகவும் போர்களுக்கெல்லாம் முடிவு காணவும் அவர்கள் தீவைச் சில காலம் விட்டுத்தர முடியுமா என்று கேட்டார். தீவுத் தலைவர் சூடா, எல்லாம் கடவுள் கையில் இருக்கிறது என்ற கருத்தில் விடை சொன்னார். பின்னர் அதே காட்சியைப் படமெடுப்பதற்காக அம்மக்களைத் திரும்பத் திரும்ப நடிக்கவும் வைத்தார்கள்!

எண்ணிப் பாருங்கள். அவ்வளவு பெரிய வல்லரசு. அதன் கையில் கப்பல் இருக்கிறது, விமானம் இருக்கிறது, குண்டும் இருக்கிறது. ஆனால் ஏழை மக்களின் மண்ணைப் பறிக்க அது எடுத்த கருவி வேதப் புத்தகம்! நம் நாட்டில் நிலத்தைப் பறித்தவனும் கடவுளின் பெயரைத்தான் சொன்னான். கடல் கடந்தும் அந்தக் கருவி மாறவில்லை.

167 பேர் தீவை விட்டு வெளியேறினார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்ட ரோங்கரிக் தீவில் தேங்காயும் போதவில்லை, மீனும் போதவில்லை. பட்டினியால் வாடினர். 1948-ல் மீண்டும் இடம் பெயர்ந்து, கடைசியில் கிலி என்னும் சிறு தீவில் இறக்கப்பட்டார்கள். அவர்களின் பிக்கினியில் 1946-லிருந்து 1958 வரை 23 குண்டுகள் வெடித்தன.

1968-ல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் சான்சன், இனி நீங்கள் திரும்பலாம் என்று அறிவித்தார். சில குடும்பங்கள் ஆசையோடு திரும்பின. புதிய தென்னைகள் நடப்பட்டன. காய்த்தன. உண்டார்கள். அந்தத் தீவின் மண்ணோ பவழப் பாறையின் பொடி. பொட்டாசியம் மிகக் குறைந்த மண். வேர்கள் சீசியத்தை வாரி வாரிக் குடித்திருந்தன. உடலில் சீசியம் ஏறிக்கொண்டே போவதை அளவீடுகள் காட்டின. 1978-ல் அவர்கள் மறுபடியும் வெளியேற்றப்பட்டார்கள். பிற்பாடு அத்தீவில் ஆய்வு செய்த அறிவியலார், தென்னைக்குப் பொட்டாஷ் உரம் இட்டால் காயில் சேரும் சீசியம் பெருமளவு குறைகிறது என்று கண்டனர். நம் உழவன் மூட்டை கட்டி வாங்கும் அதே உரம்! கடவுளின் பெயரைச் சொன்னவர் மக்களை வெளியேற்றினார். மண்ணை அளந்தவரே அவர்கள் திரும்புவதற்கு ஒரு வழியைக் காட்டினார்.

*

பிக்கினியின் பெருங்கொடுமை 1954 மார்ச்சு 1-ஆம் நாள் நடந்தது. அன்று வெடித்த நீரியக் குண்டின் ஆற்றல் 15 மெகா டன். கணக்கிட்டவர்கள் எதிர்பார்த்ததைவிட இரண்டரை மடங்கு. பவழமண் வெண்பொடியாகி மேலெழுந்து, கிழக்கே நூறு மைலுக்கு அப்பால் ரோங்கலாப் தீவின் மேல் பனிபோல் பெய்தது. பனியை அறியாத தீவுக் குழந்தைகள் அதில் விளையாடினார்கள். மக்களை அழைத்துச் செல்லக் கப்பல் வர இரண்டு நாட்கள் ஆயின. அதே வெண்பொடி, கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்த சப்பானியப் படகு ஒன்றிலும் விழுந்தது. அதிலிருந்த 23 பேரும் நோயுற்றார்கள். அவர்களில் குபோயாமா என்னும் வானொலிப் பணியாளர் அவ்வாண்டு செப்டம்பரில் மாண்டார்.

ரோங்கலாப் மக்களை 1957-ல் திரும்பக் குடியேற்றினார்கள். அப்போது அவர்களைக் கவனித்த மருத்துவ அறிவியலாரின் அறிக்கையில், அம்மக்கள் அங்கே வாழ்வது மனித உடலில் கதிரியக்கம் பற்றிய மதிப்பு மிக்க செய்திகளைத் தரும் என்று எழுதப்பட்டிருந்தது. மக்கள் தாங்கள் வீடு திரும்புவதாக எண்ணினார்கள். எழுதியவர்களோ ஆய்வுக்கூடத்துக்கு உயிர்கள் வந்து சேர்ந்ததாக எண்ணினார்கள்! 1985-ல் அம்மக்கள் தாங்களே முடிவு செய்து, கிரீன்பீசு இயக்கத்தின் கப்பலில் ஏறித் தங்கள் தீவை விட்டு வெளியேறினார்கள்.

இந்த வெண்பொடியைக் கண்டு உலகம் கலங்கியபோது இந்தியா என்ன செய்தது? நாம் பெருமைப்படத்தக்கதைச் செய்தது. குண்டு வெடித்த ஒரு திங்களில், 1954 ஏப்ரல் 2-ஆம் நாள், பிரதமர் நேரு நாடாளுமன்றத்தில் எழுந்து, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தி வைக்க வேண்டும் என்று உலகுக்கு வேண்டுகோள் விடுத்தார். அதோடு நிற்கவில்லை. அணுவெடிகளின் விளைவு என்ன என்று அறிவியலாரைக்கொண்டு ஆராயச் செய்து, கோத்தாரியின் தலைமையில் உருவான நூலை 1956-ல் அரசே வெளியிட்டது. யாரோ வெடித்த குண்டுக்கு, எவரோ பட்ட துன்பத்துக்கு, நம் அரசு கணக்கு எடுத்து நூல் போட்டது!

1962 செப்டம்பரில் இராசாசி அமெரிக்கா சென்று, குடியரசுத் தலைவர் கென்னடியைக் கண்டு, சோதனையை நிறுத்துங்கள் என்று எடுத்துரைத்தார். குலக்கல்வித் திட்டத்துக்காக அவரை நாம் எதிர்த்தோம். அந்த எதிர்ப்பில் இன்றும் மாற்றமில்லை. ஆயினும் அந்த முதுமையில் கடல் கடந்து சென்று அவர் பேசிய பேச்சு மனித குலத்துக்கான பேச்சு. சரியானதைச் சரியென்று கூறத் தயங்குபவன் பகுத்தறிவாளன் அல்லன்.

அறிஞர்களும் தலைவர்களும் மட்டுந்தானா இதைச் செய்தார்கள்? அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்துத் தாய்மார்கள் 1958 முதல் தங்கள் பிள்ளைகளின் பால் பற்களைத் திரட்டி அறிவியலாரிடம் தந்தார்கள். நம் ஊரில் விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவோம். அவர்கள் அதை ஆய்வுக்கு அனுப்பினார்கள். சேர்ந்த பற்கள் சுமார் மூன்று இலட்சம். 1950-களின் தொடக்கத்துக்குப் பின் பிறந்த குழந்தைகளின் பல்லில் ஸ்ட்ரான்சியம் ஏறிக்கொண்டே வந்ததை அந்தப் பற்கள் சாட்சி சொல்லின. 1963-ல் வானிலும் கடலிலும் வெளியிலும் அணுவெடிச் சோதனை செய்வதில்லை என்ற உடன்படிக்கை உருவாயிற்று, இந்தியாவும் கையொப்பமிட்டது. பால் பல் பேசியது, வல்லரசு கேட்டது!

*

மண்ணின் உண்மையை மூடி மறைத்தால் என்ன நேரும் என்பதற்கு ஆத்திரேலியாவின் மாரலிங்கா எடுத்துக்காட்டு. பிரிட்டன் அங்கே 1956, 1957 ஆண்டுகளில் ஏழு குண்டுகளை வெடித்தது. அதன் பின் 1963 வரை ‘சிறு சோதனைகள்’ என்ற பெயரில் நடத்தியவை இன்னும் கேடானவை. ஏறத்தாழ 22 கிலோ புளூட்டோனியம் தூளாகி வெளி நிலத்தில் சிதறிற்று. அந்நிலத்தின் பழங்குடி மக்களுக்கு எச்சரிக்கைப் பலகை நட்டார்கள். எந்த மொழியில்? அவர்கள் படிக்க அறியாத ஆங்கிலத்தில்! 1957-ல் ஒரு பழங்குடிக் குடும்பம் வெடிப்பள்ளத்தின் அருகே தங்கியிருக்கக் கண்டு, அவர்களைக் கழுவிக் குளிப்பாட்டி அப்புறப்படுத்தினார்கள். அவர்களுடைய வேட்டை நாய்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

1967-ல் நிலத்தை ஏர் ஓட்டிப் புரட்டிவிட்டு, துப்புரவாக்கிவிட்டோம் என்று பிரிட்டன் அறிக்கை தந்தது. 1984-ல் ஆத்திரேலிய அறிவியலார் தாங்களே சென்று அளந்தார்கள். அறிக்கை சொன்னதைவிட மிகுதியான புளூட்டோனியம் மேல்மண்ணிலேயே கிடந்தது. அரசு விசாரணைக் குழு அமைந்தது. 1996 முதல் 2000 வரை மண்ணைச் சுரண்டி எடுத்து அகழிகளில் புதைத்தார்கள். ஆத்திரேலியப் பணத்தில் 10 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. ஏர் ஓட்டி மறைத்த பொய்யைக் கருவி ஓட்டிக் கண்டுபிடித்தார்கள்.

கசாக்கு மக்களின் செமிபலாத்தின்சுக்கில் நடந்தது அதனினும் பெரிது. 1949 ஆகஸ்ட் 29-ஆம் நாள் தொடங்கி 40 ஆண்டுகளில் சோவியத் அரசு அங்கே 456 சோதனைகளை நடத்தியது. அந்தத் திடலின் பரப்பு 18,500 சதுர கிலோ மீட்டர். எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தைப் போல் மூன்று மடங்கு! பாட்டாளிகளின் அரசு என்று பெயர். ஆனால் ஆடு மேய்க்கும் பாட்டாளியிடம், உன் மேய்ச்சல் நிலத்தில் என்ன விழுந்தது என்று சொல்லவில்லை. கடைசியில் வாய் திறந்தவர் ஒரு கவிஞர். 1989 பிப்ரவரியில் ஒல்சாசு சுலைமேனொவ் தொலைக்காட்சியில் கவிதை படிக்க வந்தவர், கவிதையை ஒதுக்கிவைத்துச் சோதனையால் விளையும் கேட்டைப் பேசினார். மக்கள் திரண்டார்கள். இயக்கம் பிறந்தது. அவ்வாண்டோடு அங்கே சோதனை நின்றது. 1991 ஆகஸ்ட் 29-ல் திடலே மூடப்பட்டது. இலக்கியத்தால் என்ன ஆகும் என்று கேட்போர்க்கு அந்த மேய்ச்சல் நிலம் விடை கூறும்.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் யானை என்பது நம் பழமொழி. இந்த வல்லரசு யானைகள் தங்கள் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. தீவு மக்கள், பழங்குடி மக்கள், ஆட்டிடையர் ஆகியோரின் தலையில் போட்டன. எங்கும் கேட்பாரற்றவனின் நிலமே சோதனைக்கு உகந்த நிலமாகத் தெரிந்திருக்கிறது. ஆளில்லாத இடம் என்று வரைபடத்தில் எழுதினார்கள். ஆள் இருந்தான், அவனை ஆள் என்று எண்ணவில்லை.

*

இனி, நம் பொக்ரானுக்கு வருவோம்.

1974 மே 18-ஆம் நாள் காலை 8.05 மணிக்கு இந்தியாவின் முதல் அணுவெடி அங்கே நிகழ்ந்தது. 107 மீட்டர் ஆழத்தில் குண்டு வைக்கப்பட்டது. 12 கிலோ டன் என்று அரசு கூறியது; அதற்கும் குறைவே என்போரும் உண்டு. அமைதிக்கான வெடி என்று பெயரிட்டார்கள். ‘சிரிக்கும் புத்தர்’ என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. உயிர்க்கொலை வேண்டாம் என்றவரின் பெயர் குண்டுக்கு! சாதியை மறுத்த சாக்கிய முனியை அயோத்திதாசப் பண்டிதர் தமிழ் மண்ணில் மீட்டெடுத்தார். பெரியார் 1954-ல் ஈரோட்டில் அவருக்காக மாநாடு கூட்டினார். அந்தப் புத்தர் எதைக் கண்டு சிரித்திருப்பார்?

1998-ல் வெடித்தவையும் நிலத்துக்கு அடியில் வைத்தவையே. அடியில் வெடித்தால் பாறை உருகி, ஒரு குகை உண்டாகி, உருகிய பாறை அடியில் கண்ணாடியாய் உறைந்து, நஞ்சில் பெரும்பகுதியைத் தன்னுள் சிறைப்படுத்திக்கொள்கிறது. எனவே மேல்மண் கெடவில்லை என்று அரசு சொல்வது அறிவியலுக்குப் புறம்பான கூற்று அன்று. நேர்மையாக இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அடியில் வைத்த எல்லாமே அடியில் அடங்கியதில்லை என்பதையும் வரலாறு சொல்கிறது. 1962 மே 1-ல் பிரான்சு அல்சீரியாவின் சகாரா மலைக்குள் வெடித்த குண்டு, மலையைப் பிளந்துகொண்டு கதிரியக்க மேகமாய் வெளிவந்தது. பார்க்க வந்த அமைச்சர்களே ஓட்டம் பிடித்தார்கள். 1970 டிசம்பர் 18-ல் அமெரிக்காவின் நெவாடாவில் நிலத்தடி வெடி ஒன்று பிளவு வழியே பீறிட்டு வானில் எழுந்தது. ஆகவே அடங்கியதா இல்லையா என்பதை மெய்ப்பிப்பது அறிவிப்பன்று. அளவே மெய்ப்பிக்கும். ஒருநாள் எடுத்த அளவும் போதாது. ஆண்டுதோறும் எடுக்க வேண்டும்.

சோதனைத் திடலுக்கு அருகே கேதோலாய் என்று ஓர் ஊர். மரத்தையும் மானையும் உயிரெனப் போற்றும் பிசுனோய் மக்கள் மிகுந்து வாழும் ஊர். 1998-ல் வெடிக்குமுன் படைவீரர்கள் வந்து, வீட்டை விட்டு வெளியே வந்து நில்லுங்கள் என்றார்கள். நிலம் அதிர்ந்தது. சுவர்கள் வெடித்தன. பாலைவனத்தில் பொன்னினும் அரிய நீர்த்தொட்டிகளும் விரிந்தன. அதன் பின் தங்கள் ஊரில் புற்றுநோய் பெருகியதென்றும், பசுக்களுக்கு இனந்தெரியாத நோய் வருகிறதென்றும் அவ்வூரார் ஆண்டுகள் பலவாகக் கூறி வருகிறார்கள். வெடியால் அப்படி எதுவும் இல்லை என்று அதிகாரிகள் மறுக்கிறார்கள்.

ஊரார் சொல்வதெல்லாம் உண்மை என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. அதிகாரி சொல்வதெல்லாம் பொய் என்றும் கூறவில்லை. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் இயற்கையாகவே இருக்கிறது. கதிர் என்ற சொல்லைக் கேட்டதும் நடுங்குவதும் பகுத்தறிவு ஆகாது. அச்சம் ஒரு பக்கம், மறுப்பு ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு கருவியை வையுங்கள் என்றே கேட்கிறேன். அந்த ஊரின் மண், கிணற்று நீர், பசுவின் பால் ஆகியவற்றை ஊரார் கண்முன் எடுத்து, அரசைச் சாராத அறிவியலாரும் உடனிருந்து அளந்து, அந்தக் கணக்கை அவர்கள் பேசும் மொழியில் ஊர்ச் சாவடியில் ஒட்டுங்கள். 1956-ல் பிறர் வெடித்த குண்டுக்கு நூல் போட்ட நாடு, தான் வெடித்த குண்டுக்கு ஒரு தாள் போடக்கூடாதா? 1962-ல் இயற்றிய அணுசக்திச் சட்டம், இத்துறைச் செய்திகளை மூடிவைக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. குண்டின் அமைப்பை மறைக்கட்டும். குடிநீரின் கணக்கை மறைப்பானேன்?

தமிழருக்கு இதில் தனிக் கடமையும் உண்டு. 1998-ல் அந்தப் பாலைவனத்தில் முன்னின்ற அறிவியலார் இருவர் தமிழர்கள். இராமேசுவரத்து அப்துல் கலாம் ஒருவர். சென்னையில் பிறந்த சிதம்பரம் மற்றவர். அவர்கள் பெயரைச் சொல்லி நாம் தலை நிமிர்ந்தோம். தமிழனின் அறிவு பொக்ரான் வரை சென்றது. தமிழனின் கவலையும் அங்கிருந்து சில கல் தொலைவில் உள்ள கேதோலாய் வரை செல்ல வேண்டாமா?

*

வகுப்பில் இந்த வரலாற்றைச் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: “அந்தத் தீவு மக்களைத் தொட்டால் நமக்கும் ஒட்டிக்கொள்ளுமா, ஐயா?”

ஒட்டாது தம்பி, என்றேன். மண்ணில் இருக்கும் நஞ்சு உண்ணும் காயிலும் குடிக்கும் பாலிலும் வரும். துன்புற்ற மனிதனைத் தொடுவதால் வராது. ஆனால் சப்பானில் என்ன நடந்தது தெரியுமா? இரோசிமாவிலும் நாகசாகியிலும் குண்டுக்குத் தப்பிப் பிழைத்தவர்களுக்குப் பெண் கொடுக்க மறுத்தார்கள். அவர்களிடம் பெண் எடுக்க மறுத்தார்கள். வேலை தரவும் தயங்கினார்கள். பலர் தாங்கள் அந்த ஊர் என்பதையே மறைத்து வாழ்ந்தார்கள். குண்டு போட்டவன் மேல் ஏற வேண்டிய பழி, குண்டு பட்டவன் மேல் ஏறியது.

அந்தக் கேள்வியின் வேர் பிக்கினியில் இல்லை. நம் ஊரில் இருக்கிறது. ஒரே ஊருக்கு இரண்டு சுடுகாடு, இரண்டு பாதை என்று பிரித்து வைத்திருக்கும் நாட்டில் பிறந்த பிள்ளை, தீட்டு என்றால் மனிதனைத் தொடுவது என்றுதான் எண்ணுவான். அளக்க முடியாத தீட்டை ஈராயிரம் ஆண்டாக மனிதன் மேல் எழுதி வைத்தோம். அளக்க முடிந்த தீட்டையோ வல்லரசுகள் எளியவர் மண்ணில் புதைத்துவிட்டு, கணக்கை மட்டும் பூட்டி வைத்தன. இரண்டிலும் இழந்தவன் எளியவனே.

மார்சல் தீவுகளின் எனிவெட்டாக்கில், 1958-ல் வெடித்த ஒரு குண்டின் பள்ளத்துக்குள், 1977 முதல் 1980 வரை நஞ்சேறிய மண்ணை அள்ளிக் கொட்டி, ஒன்றரை அடிக் கனத்தில் காங்கிரீட்டு மூடி போட்டார்கள். அடியில் மூடி இல்லை. கடல் நீர் ஊடே வந்து போகிறது. நம் முன்னோர் இறந்தவரைத் தாழியில் இட்டுப் புதைத்தார்கள். சென்ற நூற்றாண்டு மனிதன் மண்ணுக்கே தாழி செய்து புதைத்திருக்கிறான். அதுவும் அடியில்லாத தாழி!

அந்தத் தாழியைத் திறந்து பார்க்கும் துணிவு பிற்காலத்தாருக்கு வேண்டும். அதற்கு இன்றே பழக வேண்டும். ஒருவர் ஒரு மண்ணைப் புனிதம் என்றாலும் கேளுங்கள்: அளந்தாயா? ஒரு மனிதனைத் தீட்டு என்றாலும் கேளுங்கள்: அளந்தாயா? அச்சமில்லை என்று அரசே சொன்னாலும், மரியாதையோடு, ஆனால் விடாமல் கேளுங்கள்: அளந்த கணக்கைக் காட்டு!

வைக்கத்தின் தெருவை நம் காலடி திறந்தது. கேதோலாயின் கணக்கை நம் கேள்வி திறக்கட்டும்.